பந்து அவன் கைக்கும் வரட்டும்

பெங்களூரில் 1997-ஆம் ஆண்டு தேசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. அப்போது வீரர்கள் தங்கக் கட்டப்பட்ட குடியிருப்பு, கோரமங்களாவில் ஈஜிபுராவை ஒட்டி இன்றும் உள்ளது. அதன் அருகிலுள்ள தெரு ஒன்றில் சிறுவர்கள் பந்தாடுவதாகவும், ஆட்டிசம் உடைய எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஓரமாக நிற்பதாகவும் எண்ணிப் பார்க்கலாம். அவன் அணியில் உண்டு. ஆனால் பந்து அவனிடம் வருவதில்லை. இவ்வாறு பெயரளவில் சேர்க்கப்படும் பிள்ளையை ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்பர். நடக்க இயலாதவரைக் குறித்த சொல்லை இப்படி ஆள்வது அவ்வளவு அழகன்று.

ஆட்டிசம் நோயன்று; மூளை வளர்ச்சியில் அமைந்த வேறுபாடு. அது பேச்சிலும் பழக்கத்திலும் வெளிப்படுவதைப் பலர் அறிவர். உடலசைவிலும் வெளிப்படுவதைச் சிலரே அறிவர். இப்பிள்ளைகளுள் பலருக்குச் சமநிலையும் கண், கை ஒத்திசைவும் தாமதமாகவே கைகூடுகின்றன. பந்தைப் பிடிப்பது எளிதாகத் தோன்றும். உண்மையில் கண் அதன் விரைவைக் கணிக்க வேண்டும். கால் இடம் மாற வேண்டும். பந்து சேருமுன்பே கை விரிய வேண்டும். தொட்டவுடன் விரல்கள் மூட வேண்டும். சற்றே பிந்தினால் பந்து மார்பில் மோதும். சுற்றி நிற்போர் சிரிப்பர். அதன்பின் அவன் ஆட்டத்திற்கே வர அஞ்சுவான். ஆடாமையால் திறன் மேலும் பின்தங்கும்.

சுவரில் எறிந்து தனியே பழகலாம். தொடக்கத்திற்கு அது நன்றே. ஆயினும், எறிந்தபடியே திருப்பித் தருவது சுவர். தோழன் எறியும் பந்து ஒருமுறை உயர்ந்தும் ஒருமுறை தாழ்ந்தும் வரும். பிறரைப் பார்த்து, காத்திருந்து, முறையறிந்து உடலை இயக்கும் பயிற்சி குழு ஆட்டத்திலேயே கிடைக்கிறது.

அதற்கு ஆட்டமும் சற்று மாற வேண்டும். பெரிய, மென்மையான பந்தைத் தரையில் ஒருமுறை பட்டெழும்படி எறியலாம். ஊதல் ஒலி சிலர் காதைத் துன்புறுத்தும், கையசைவே போதும். கபடியில் இறுகப் பிடிப்பது சிலருக்கு இதம். சிலருக்கோ மெல்லிய தொடுகையும் தாங்காது. எது ஏற்கும் என்பதை அவனிடமே கேட்டறிதல் முறை.

1968-இல் சிகாகோவில் தொடங்கிய சிறப்பு ஒலிம்பிக்ஸ், அறிவுசார் குறைபாடு உடையோருக்கானது. அவருள் ஆட்டிசம் உடையோரும் உளர். அதன் ஒருங்கிணைந்த கூடைப்பந்தில் அவர்களும் பிறரும் ஓரணியாக ஆடுவர். களத்திலுள்ள ஐவருள் பிறர் இருவருக்கு மேல் இருத்தல் கூடாது. அவர்கள் ஆட்டத்தைத் தம்வசமாக்கவும் கூடாது. தெருவாட்டத்திலும் ஒரு விதி வைக்கலாம்: அணியினர் அனைவர் கையும் பட்ட பின்னரே புள்ளி.

அருஞ்சொற்பொருள்
ஒத்திசைவு – இணைந்து இயங்குதல்
ஊதல் – விசில்

வினாக்கள்
1. சுவரில் எறிந்து பழகுவதற்கும் தோழனோடு ஆடுவதற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. உங்கள் தெருவில் ஆடும் ஆட்டம் ஒன்றின் விதியை, எல்லார் கைக்கும் பந்து வரும்படி மாற்றி எழுதுக.