மலச்சிக்கலும் நீரும்

கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஆண்டர்சன்பேட்டையில் தமிழர் இல்லங்களில் கேழ்வரகுக் களி பழகிய உணவு. அதன் நார்ச்சத்து மலச்சிக்கலைத் தடுக்கும்; ஆயினும் போதிய நீர் அருந்தாதார்க்கு நாரும் முழுப்பயன் தராது.

கழிவிலுள்ள நீரை உறிஞ்சுதல் பெருங்குடலின் பணி. மலம் நெடுநேரம் தங்கினால் மேலும் வறண்டு இறுகும். பள்ளிக் கழிப்பறைக்குச் செல்ல நாணி மாலைவரை அடக்கும் மாணவர் பலர்க்கு இத்துன்பம் இவ்வாறே தொடங்குகிறது.

கைமருந்துகளுள் ஊறவைத்த உலர்திராட்சை எளியது. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த திரிபலா பழமையானது. கடையில் கிடைக்கும் இசப்கோல் உமி நீரை உறிஞ்சிப் பருத்து மலத்தை இளக்கும். போதிய நீரின்றி அதனை விழுங்குதல் தீது. மருத்துவர் தரும் லாக்டுலோஸ் என்னும் இனிப்பு மருந்தோ குடலுக்குள் நீரை ஈர்க்கும். இரண்டின் வழி வேறு, நாடுவது நீரையே. விளக்கெண்ணெய் குடலைத் தூண்டிப் பேதியாக்குவது; சிறுவர்க்கு அதனை அடிக்கடி புகட்டும் பழைய வழக்கம் கைவிடத்தக்கது.

நாட்பட்ட சிக்கலுக்கு மருந்து சிலர்க்கு மாதக்கணக்கில் தேவைப்படும். மலம் இளகிய மறுநாளே தாமாக நிறுத்துவோர்க்குச் சிக்கல் மீளக்கூடும். குருதிப்போக்கு, வாந்தி, எடை குறைதல் ஆகியன காணின் கைமருந்தை விடுத்து மருத்துவரை உடனே நாடுதல் வேண்டும். உணவு உண்டபின் பெருங்குடல் இயல்பாகவே அசையும்; ஆதலால் காலையுணவுக்குப் பின் சிறிது நேரம் கழிப்பறையில் அமர்ந்து பழகுதல் நன்று.