மறைப்பது வேறு, நீக்குவது வேறு

2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களில் நடந்த தாக்குதலில் 51 பேர் உயிரிழந்தார்கள். கொலைகாரன் அதை பேஸ்புக்கில் நேரலையாக ஓடவிட்டான். முதல் 24 மணி நேரத்தில் மட்டும் 15 லட்சம் பிரதிகளை நீக்கியதாக அந்நிறுவனம் அறிவித்தது. முழுவதும் அழித்துவிட அவர்களாலும் முடியவில்லை. ஆனால் புகார் சொல்ல அங்கே ஒரு தலைமை இருந்தது.

அப்படி ஒரு தலைமையே இல்லாத சமூக வலைத்தளங்களும் இன்று உண்டு. 2016-ல் ஜெர்மனியில் தொடங்கிய மாஸ்டடான் அவற்றில் ஒன்று. இது ஒரே தளம் அல்ல. ஆயிரக்கணக்கான சர்வர்களின் கூட்டு. ஒவ்வொன்றையும் தனி ஒருவரோ சிறு குழுவோ, பெரும்பாலும் சம்பளமில்லாமல் நடத்துகிறார்கள். மின்னஞ்சல் போல ஒரு சர்வரில் இருப்பவர் மற்ற சர்வரில் இருப்பவருக்கு எழுதலாம். நல்ல நிர்வாகி அமைந்தால், பெரிய நிறுவனத்தைவிட விரைவாகவே நம் புகாரைக் கவனிப்பார். அதை மறுப்பதற்கில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வேறொரு சர்வரில் ஒருவர் நம் சகோதரி ஒருவரைப் பற்றி அவதூறு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் நிர்வாகி அந்த ஆளை முடக்கலாம். அந்த சர்வரின் தொடர்பையே துண்டிக்கலாம். அதன்பின் நமக்கு அது தெரியாது. எழுத்தோ அங்கேயே இருக்கும்; மற்ற ஆயிரம் பேர் படித்துக்கொண்டிருப்பார்கள். எழுதியவரே மனம் மாறி அழித்தாலும், அவர் சர்வர் மற்ற சர்வர்களுக்கு ‘அழித்துவிடுங்கள்’ என்ற செய்தியைத்தான் அனுப்ப முடியும். அதை ஏற்காத சர்வரில் பிரதி தங்கிவிடும்.

2019 ஜூலையில் கேப் என்ற தளம் மாஸ்டடானின் மென்பொருளுக்கு மாறியது. 2018 அக்டோபரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் யூத ஆலயத்தில் 11 பேரைக் கொன்றவன் வெறுப்பை எழுதிவந்தது இந்தத் தளத்தில்தான். மாஸ்டடானை உருவாக்கியவர்கள் எதிர்த்தார்கள். ஆனால் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்ட மென்பொருளை எப்படித் தடுப்பது? பல சர்வர்கள் கேப்பைத் துண்டித்தன. கேப் தன் போக்கில் இயங்கியது.

ஆகவே, முடக்கச் சொல்லும் முன் பதிவின் இணைப்பையும் தேதியையும் குறித்து, திரையைப் படம் பிடித்து வையுங்கள். சர்வர் துண்டிக்கப்பட்டால் நம் பக்கம் இருந்த பிரதியும் போய்விடும். பிறகு காவல் நிலையத்தில் காட்ட எதுவும் இருக்காது. புகாரை எழுதியவரின் சர்வருக்கும் அனுப்பவா என்று மாஸ்டடான் கேட்கும். அனுப்பலாம். உங்கள் பெயர் போகாது. ஆனால் நீங்கள் எழுதும் விளக்கம் போகும். அங்குள்ள நிர்வாகியே வெறுப்பவராக இருக்கக்கூடும். எனவே விளக்கத்தில் பெயர், ஊர், கைபேசி எண் எதையும் எழுதாதீர்கள்.