சிலேட்டில் அழிந்ததும் ஏட்டில் நின்றதும்



நல்ல எண்ணம் நம்மைத் தேடி வருவதற்கு நேரம் காலம் பார்ப்பதில்லை. குளிக்கும்போது வரும். சயான் ஸ்டேஷனில் நெரிசலில் நிற்கும்போது வரும். அடுப்பில் பருப்பு வேகும்போது வரும். சங்கத்து நாடகத்துக்கு ஒரு வசனம், பிள்ளையின் பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு மாதிரி, தாராவியில் தோல் பை தைப்பவருக்கு ஒரு புதிய வெட்டு, மார்கழிக்கு ஒரு புதுக் கோலம் என்று அது எதுவாகவும் இருக்கலாம். "அப்புறம் எழுதிக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டால், மாலையில் 'ஏதோ ஒன்று நன்றாகத் தோன்றியதே' என்பது மட்டும் மிஞ்சும். அந்த 'ஏதோ' போயே போய்விட்டிருக்கும்.

அதைப் பிடித்து வைப்பது எப்படி என்பதே இந்தப் பாடம்.

மறதியின் வேகம்

1959-ஆம் ஆண்டு அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாயிட் பீட்டர்சன், மார்கரெட் பீட்டர்சன் ஆகிய இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களிடம் மூன்று மெய்யெழுத்துகளைச் சொன்னார்கள். உடனே ஓர் எண்ணைக் கொடுத்து, அதிலிருந்து மும்மூன்றாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்கள். கேட்ட எழுத்துகளை மனத்துக்குள் திருப்பிச் சொல்லிப் பார்க்க இடமே கொடுக்கவில்லை. 18 வினாடிகள் கழித்துக் கேட்டபோது, சராசரியாகப் பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை!

18 வினாடி என்பது ஏறக்குறைய நம் லோக்கல் வண்டி ஒரு ஸ்டேஷனில் நின்று புறப்படும் நேரம்தான். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. எழுத்துகளை மறக்கச் செய்தது கடிகாரம் மட்டும் அன்று. குறுக்கே வந்த கணக்கும்தான். நமக்கும் அப்படியே. எண்ணம் தோன்றிய மறுகணம் தொலைபேசி மணி அடிக்கிறது, குக்கர் விசில் அடிக்கிறது, "குர்லா வந்துவிட்டதா?" என்று பக்கத்தில் ஒருவர் கேட்கிறார். தீர்ந்தது.

ராமானுஜன் தரும் மூன்று பாடங்கள்

இந்த விஷயத்தில் நமக்குக் கணித மேதை ராமானுஜனைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. அவர் 1887-இல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர் என்பது பலரும் அறிந்ததே.

முதற்பாடம், உடனே எழுதுதல். நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் சூத்திரங்களை அருளுவதாக அவர் சொல்வாராம். படுக்கையிலிருந்து எழுந்ததும் முடிவுகளைக் குறித்துக்கொண்டு, பிறகே அவற்றைச் சரிபார்ப்பார் என்று அவரை நேரில் அறிந்த சேஷு ஐயரும் ராமச்சந்திர ராவும் எழுதியிருக்கிறார்கள். முதலில் எழுத்து, பிறகு சோதனை. இந்த வரிசையை மறக்கக் கூடாது. சரியா தவறா என்று யோசித்துக்கொண்டு நின்றால் எண்ணம் பறந்துவிடும்.

இரண்டாம் பாடம், வழியையும் எழுதுதல். தாள் விலை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆகவே கணக்கைச் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, கடைசியில் வந்த விடையை மட்டும் நோட்டில் ஏற்றினார். இப்படி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் சேர்ந்தன. நம் மும்பையிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்தான் 1957-இல் அந்த நோட்டுகளை அவர் கையெழுத்திலேயே, இரண்டு தொகுதிகளாகப் படமெடுத்து வெளியிட்டது. ஆனால் விடை இருந்ததே தவிர வழி இல்லை. பெரும்பாலான முடிவுகளுக்கு நிரூபணம் நோட்டில் கிடையாது. அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, மற்றவர்கள் கண்ட நிரூபணங்களைத் திரட்டியும், இல்லாதவற்றுக்குத் தாமே கண்டும் ஐந்து தொகுதிகள் வெளியிட்டார். முதல் தொகுதி 1985-இல் வந்தது. ஐந்தாவது 1998-இல் வந்தது. சிலேட்டில் அழிந்ததை மீட்க அறிஞர்கள் எத்தனை ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது பாருங்கள்! அவருக்குத் தாள் இல்லை. நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

மூன்றாம் பாடம், பத்திரப்படுத்துதல். 1919-இல் இங்கிலாந்திலிருந்து நோயுடன் திரும்பிய ராமானுஜன், 1920 ஏப்ரல் 26-இல் மறையும் வரை விடாமல் எழுதினார். அந்தத் தாள்களைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1923-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அனுப்பியது. அவரிடமிருந்து வாட்சன் என்ற கணித அறிஞரின் கைக்குச் சென்றன. 1965-இல் வாட்சன் காலமானபோது, அவர் அறையில் குப்பையாய்க் குவிந்துகிடந்த காகிதங்கள் சில நாளில் எரிக்கப்பட இருந்தன. அந்தக் குவியலில் கைவிட்ட ஒருவருக்கு, நற்பேறாக, இவை அகப்பட்டன. பின்பு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அங்கே அவற்றைக் கண்டு, இன்னதென்று உலகுக்குச் சொன்னார். சுமார் 600 சூத்திரங்கள் கொண்ட அந்தத் தாள்களே இன்று 'தொலைந்த நோட்டுப் புத்தகம்' என்று வழங்குகின்றன.

இருப்புப்பாதை தரும் பாடம்

ரயில்வே வேலையில் நாங்கள் சட்டைப் பையில் சிறிய டைரி இல்லாமல் பாதையில் இறங்குவதில்லை. மின்சார ரயில் பாதையோரக் கம்பங்களில் கிலோமீட்டர் எண்ணும் கம்பத்தின் வரிசை எண்ணும் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு குறை கண்ணில் பட்டால் அந்த எண், எந்தப் பாதை, எந்த நேரம், என்ன குறை என்று நின்ற இடத்திலேயே எழுதுவோம். "சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவே எங்கோ ஜல்லி தளர்ந்திருக்கிறது" என்று எழுதினால் மறுநாள் வேலைக்குப் போகும் ஆட்கள் எங்கே போய்த் தேடுவார்கள்?

எண்ணத்துக்கும் இப்படி ஒரு முகவரி வேண்டும். 'பாட்டி - மழை - கதை' என்று மூன்று சொல் எழுதிவைத்தால் ஒரு மாதம் கழித்து எழுதியவருக்கே புரியாது. 'மழையில் லோக்கல் நின்றுபோன இரவு, பெட்டியில் இருந்த எல்லோருக்கும் ஒரு பாட்டி கதை சொல்கிறாள். நாடகமாகப் போடலாம்' என்று எழுதினால் எத்தனை மாதம் கழித்தும் உயிரோடு இருக்கும். நாளை படிக்கப்போகும் நாம், இன்றைய நமக்கு அன்னியர்தான். அவருக்குப் புரியும்படி எழுத வேண்டும்.

நான்கு விதிகள்

1. கைக்கெட்டும் இடத்தில் எழுதுகருவி இருக்கட்டும். சட்டைப் பையில் சிறு நோட்டு, சமையலறையில் கிழித்த காலண்டர் தாளும் பென்சிலும், தலையணையருகே ஒன்று. கூட்ட நெரிசலில் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்யலாம்.

2. தேதி, இடம், எண்ணம், அது எதிலிருந்து வந்தது. இந்த நான்கும் ஒரு குறிப்பில் இருக்கட்டும். படம் வேண்டுமானால் கோணல்மாணலாகவாவது கிறுக்குங்கள்.

3. எழுதும்போது திருத்தாதீர்கள். எழுத்துப் பிழை, சந்திப் பிழை எல்லாம் பிறகு.

4. ஞாயிறுதோறும் அரை மணி நேரம் ஒதுக்கி, துண்டுத் தாள்களிலும் கைப்பேசியிலும் உள்ளவற்றை ஒரே நோட்டில் ஏற்றுங்கள். அந்த நோட்டு இருக்குமிடம் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நம் வீடுகளுக்கு ஒரு சொல்

ஊரை விட்டு வந்த நமக்கு இதில் கூடுதலாக ஒரு கவலை உண்டு. பகலெல்லாம் இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் பேசுகிறோம். தமிழில் தோன்றும் எண்ணத்துக்கு இவையெல்லாம் குறுக்கே வரும் கணக்குகள். மேலும், நம் பாட்டிமார் பலர் தாலாட்டையும் விடுகதையையும் வாய்க்கு வந்தபடி கட்டுவார்கள், எழுதத் தெரியாது. பக்கத்தில் இருக்கும் பேரனுக்கோ தமிழ் எழுத்துப் பழகவில்லை. 'தமிழ் தெரிந்தவர் வரட்டும்' என்று காத்திருந்தால் பாட்டியும் மறந்துவிடுவார். பேரன் தனக்குத் தெரிந்த தேவநாகரியிலோ ஆங்கில எழுத்திலோ அப்போதே எழுதட்டும். பாட்டியின் குரலையும் பதிவு செய்யட்டும். பிறகு பெரியவர் ஒருவர் துணையோடு அதைத் தமிழில் பெயர்த்து எழுதினால் அதுவே அவனுக்குத் தமிழ்ப் பாடமும் ஆகும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும்.

பயிற்சி (குடும்பத்தோடு செய்க)

அ. ஏழு நாட்கள், நாளுக்கு ஓர் எண்ணம் வீதம் மேற்கண்ட நான்கு விவரங்களோடு எழுதுக.

ஆ. எட்டாம் நாள் நோட்டை மாற்றிக்கொண்டு, ஒருவர் எழுதியதை மற்றவர் படித்து விளக்குக. விளக்க முடியாத குறிப்பில் எந்த விவரம் விடுபட்டது என்று கண்டுபிடிக்க.

இ. வீட்டிலுள்ள மூத்தவரிடம் அவரே கட்டிய விடுகதை அல்லது பாட்டு ஒன்றைக் கேட்டு, அவர் சொல்லும் வேகத்திலேயே பதிவு செய்க. யார் சொன்னது, எந்த ஊர், யாரிடம் கற்றார் என்பதையும் கீழே சேர்க்க.