தீரா அயர்ச்சியும் அதனைத் தணிக்கும் நெறியும்

உடலின் தளர்ச்சியைக் குறிக்கத் தமிழிற் சொற்கள் பல உள. களைப்பு, இளைப்பு, சோர்வு, அயர்வு, மடி, சோம்பல் என்பன அவற்றுட் சில. இவை ஒரு பொருளனபோலத் தோன்றினும் ஒன்றல்ல. வேலை செய்தவன் களைக்கின்றான். இளைப்பாறினால் அக்களைப்பு நீங்கும். வேலையில் விருப்பமில்லாதவன் சோம்புகின்றான். விருப்பம் பிறந்தால் அச்சோம்பல் அகலும். விருப்பம் நிறைந்திருந்தும், நன்கு இளைப்பாறியும், எழுந்து நடமாட வலுவில்லாதவனை என்னென்று அழைப்பது? இவ்வினாவுக்கு விடை அறியாது மாணவன் ஒருவனுக்குப் பிழையான பெயர் இட்டவன் யான். அப்பிழையே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

2006ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் சிக்குன்குனியாக் காய்ச்சல் நம் நாட்டிற் பரவியது. திருகோணமலை, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம், கொழும்பு முதலிய இடங்களில் நுளம்பினால் வந்த அந்நோய் பலரைப் படுக்கையில் வீழ்த்தியது. 1952இல், இன்று தன்சானியா எனப்படும் நாட்டின் தென்பகுதியில் அக்காய்ச்சல் கண்டபோது, மூட்டு நோவினால் வளைந்து குனிந்தோரின் நிலையைக் குறித்து மக்கொண்டே மொழியினர் வழங்கிய சொல்லே அதன் பெயராயிற்று. பெயருக்கு ஏற்பவே லிங்கநகரிலும் துறைமுகத்தை அண்டிய பிற குறிச்சிகளிலும் குனிந்து நடந்தோரை அன்று கண்டோம்.

அக்காலத்தில் யான் கற்பித்த பாடசாலையொன்றுக்கு லிங்கநகரிலிருந்து ஒரு மாணவன் வந்தான். காய்ச்சலுக்கு முன் ஓட்டத்தில் முதல்வன், பாடத்திலும் பின்னிற்கவில்லை. காய்ச்சல் விட்டு மூட்டு நோவும் குறைந்த பின்னர் அவன் பிந்தி வரலானான். வந்தாலும் மேசையிலே தலை சாய்த்துக் கிடப்பான். ஒரு நாள் விளையாட்டுப் பயிற்சிக்கு நின்றானாயின் அடுத்த மூன்று நாள் அவனைக் காணல் அரிது. போரும் இடப்பெயர்வும் நிறைந்த ஆண்டு அது. அச்சத்தினாலே பிள்ளை இவ்வாறானான் என்றனர் சிலர். யானோ மடியின்மை என்னும் திருக்குறள் அதிகாரத்தைக் கற்பித்த வேளையில், வகுப்பு முழுவதும் அவனைத் திரும்பிப் பார்க்குமாறு பேசினேன். சாதாரண தரப் பரீட்சைக்கு அவன் தோற்றவில்லை. மடியைக் கடிந்த அதே வள்ளுவர், மருந்து என்னும் அதிகாரத்தில், நோய் இன்னதென்றும் அது எதனால் வந்ததென்றும் முதலில் ஆராயச் சொன்னதை யான் மறந்தேன்.

அம்மாணவனுக்கு நேர்ந்ததற்கு மருத்துவப் பெயர் சூட்டும் தகுதி எனக்கில்லை. ஆயினும் தொற்றுக் காய்ச்சலின் பின் நீங்காது நிற்கும் அயர்ச்சி, மருத்துவ உலகு நன்கு அறிந்ததொன்று. 1955ஆம் ஆண்டு இலண்டன் றோயல் பிறீ வைத்தியசாலையில் 292 பணியாளர் ஏறத்தாழ ஒரே காலத்தில் நோயுற்றனர். வைத்தியசாலையையே சில மாதம் மூட நேர்ந்தது. அவருட் சிலர் நெடுங்காலம் தேறவில்லை. 1970இல் உளமருத்துவர் இருவர் அதனைக் கூட்ட மனக்கிளர்ச்சி என்றே எழுதினர். எனினும் அதற்கு முந்திய ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனம் இவ்வகை நோயை நரம்புத் தொகுதி நோய்களுடன் வரிசைப்படுத்தியிருந்தது. நாட்பட்ட அயர்ச்சி நோய் என்னும் பெயர் 1988இல் அமெரிக்காவில் வழக்கிற்கு வந்தது.

நமக்கு மிக அணுக்கமான சான்று அவுஸ்திரேலியாவின் டப்போ என்னும் ஊரிலிருந்து 2006இல் வெளிவந்தது. மூவகைத் தொற்றுகளால் நோயுற்ற 253 பேரைத் தொடர்ந்து கவனித்தனர். அத்தொற்றுகளுள் ஒன்றாகிய றொஸ் றிவர் காய்ச்சல், நுளம்பினாற் பரவுவது. சிக்குன்குனியாவுக்கு உறவான கிருமியால் விளைவது. ஆறு மாதம் கழிந்த பின்னும் நூற்றுக்குப் பன்னிருவர் அயர்ச்சியால் நலிந்திருந்தனர். யாருக்கு இது நேரும் என்பதை அவரவர் மனவியல்பன்று, தொடக்கத்திற் காய்ச்சல் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதே பெரிதும் காட்டியது. 2020இன் பின் கொரோனாத் தொற்று இத்தகைய நோயாளரை உலகெங்கும் பெருகச் செய்தது. 2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேற்பட்டோரைப் பற்றிய டெங்குக் காய்ச்சலின்போது கிண்ணியா பட்ட துயரையும் நாம் அறிவோம். டெங்குவின் பின்னும் அயர்ச்சி நீடித்தல் உண்டு.

இனி, இந்நோயை இனங்காணும் குறி யாது? முயற்சிக்குப் பின்னான நலிவே தலையாயது. சிறிது நடந்தாலோ, நெடிது படித்தாலோ, அன்றேயன்றி மறுநாளோ அதற்கு மறுநாளோ உடல் வீழ்ந்துவிடும். உறங்கியெழுந்தும் புத்துணர்ச்சி இராது. நினைவும் கவனமும் மங்கும். எழுந்து நிற்கத் தலை சுற்றும். சோம்பேறிக்கு வேலைக்கு முன்னரே சோர்வு வரும். இந்நோயாளிக்கு வேலை செய்த பின்னர் தண்டனை வரும். இவ்வேறுபாட்டை ஆசிரியர் ஒவ்வொருவரும் மனத்திற் பதித்தல் வேண்டும்.

சிகிச்சையின் முதற்படி, தீர்க்கக்கூடிய பிற நோய் உண்டோ என ஆராய்தல். குருதிச் சோகை, தைரொயிட் சுரப்புக் குறைவு, நீரிழிவு, காசநோய், சிறுநீரக நோய், மனச்சோர்வு ஆகியனவும் அயர்ச்சியைத் தருவன. இவற்றுக்கு மருந்துண்டு. ஆதலின் வைத்தியசாலைக்குச் சென்று குருதிப் பரிசோதனை செய்யாது, கடையில் வலுமருந்துப் போத்தல் வாங்கிக் குடித்துக் காலங்கழித்தல் தவறு.

இரண்டாவது படி, மெய்யை அறிதல். இந்நோயை அறவே போக்கும் மருந்து இன்றுவரை இல்லை. நோர்வே நாட்டில் றிற்றுக்சிமாப் என்னும் மருந்தை 151 பேரிடம் ஆராய்ந்தனர்; வெற்று மருந்தினும் அது மேலன்று என்னும் முடிவு 2019இல் வெளியாயிற்று. ஊசியாலும் விற்றமினாலும் அடியோடு தீர்ப்போம் என்போரிடம் பொருளை இழத்தல் வேண்டா.

மூன்றாவது, தேகப்பயிற்சி பற்றியது. நாள்தோறும் பயிற்சியைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் நோய் தீரும் என்று நெடுங்காலம் நம்பினர். 641 பேரைக் கொண்டு பிரித்தானியாவில் நடந்து 2011இல் வெளியான பேஸ் என்னும் ஆய்வு அந்நம்பிக்கைக்குத் துணை நின்றது. குணமடைந்தார் என்பதற்குரிய அளவுகோலை அவ்வாய்வினர் இடையிலே தளர்த்தினர் எனப் பின்னர்க் கண்டனம் எழுந்தது. பயிற்சியால் நிலை மோசமாயிற்று என்று நோயாளரும் முறையிட்டனர். 2007இல் அம்முறையை விதந்துரைத்த நைஸ் என்னும் இங்கிலாந்தின் சுகாதார நெறிமுறை நிறுவனமே, 2021 ஒக்டோபரில் அதனைக் கைவிட்டது. உளவழிச் சிகிச்சையும் நோயுடன் வாழ்வதற்குத் துணையாகலாமேயன்றி நோயைப் போக்குவதன்று என அது தெளிவுறுத்தியது.

அப்படியாயின் எஞ்சுவது யாது? அளவறிந்து ஒழுகல். கந்தளாய்க் குளத்தின் கீழ் வயல் செய்வோருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மழை குறைந்த போகத்திற் குளத்து நீரை அளந்தே திறப்பர்; ஒரே நாளில் வான்கதவு திறந்தால் பயிர் கதிராகுமுன் குளம் வற்றும். நோயாளியும் மறுநாள் வீழாது எவ்வளவு செய்ய இயலும் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிக் கண்டறிதல் வேண்டும். அவ்வளவுக்கு உட்பட்டே வேலை செய்தலும், களைக்குமுன் ஓய்தலும், பெரிய வேலையைச் சிறு கூறாக்கலும் வேண்டும். படித்தலும் பேசுதலும் கவலைப்படுதலும் செலவே என்பதை மறத்தலாகாது. நலமாக உணரும் நாளில் விட்டதையெல்லாம் பிடிக்க முனைதலே பலரை வீழ்த்தும் குழி.

இவற்றுடன், உறக்கத்தை ஒழுங்குபடுத்தலும், நோவுக்கும் தலைச்சுற்றலுக்கும் வைத்தியர் சொற்படி மருந்துண்ணலும் துன்பத்தைக் குறைக்கும். மருந்தைச் சிற்றளவிற் தொடங்கி மெல்லக் கூட்டுதல் வழக்கம். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் நீராடினால் உடல் நோவுக்கு இதமாயிருத்தல் கூடும். ஆயின் வெம்மை தலைச்சுற்றலைக் கூட்டவும் கூடும். சித்த வைத்தியரை நாடுவோர், தாம் உண்ணும் மருந்துகளை இரு வைத்தியர்க்கும் ஒளியாது உரைத்தல் நன்று.

ஆசிரிய நண்பர்காள்! நம் கையிலும் ஒரு மருந்துண்டு. காய்ச்சலுக்குப் பின் தளர்ந்த பிள்ளைக்கு அரைநாள் வகுப்பு, ஓய்ந்திருக்க ஓரிடம், விளையாட்டிலிருந்து விலக்கு, பரீட்சையில் மேலதிக நேரம் பெற ஒரு விண்ணப்பம் ஆகியன அம்மருந்து. வளர்ந்தோரினும் சிறுவர் தேறுவது மிகுதி. அத்தேறுதலை நம் அவசரம் கெடாதிருத்தல் வேண்டும். மாணவ மணிகாள்! வராத தோழனுக்குக் குறிப்புகளைப் பார்த்தெழுதிக் கொடுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அம்மாணவனைக் கண்டேன். வீட்டிலிருந்தவாறே கணினியிற் கணக்கெழுதுகின்றான். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். இடையிற் படுத்து ஓய்கின்றான். எவரும் கற்பியாமலே அளவறிந்து ஒழுகக் கற்றுக்கொண்டான். யான் மன்னிப்புக் கேட்டபோது, "சேர், படிக்க எனக்கு ஆசைதான். எழும்பத்தான் ஏலாமக் கிடந்தது" என்றான். பல ஆண்டுகளுக்கு முன் யான் கேளாத வினாவுக்கு அது விடை.

பழைய மாணவ அன்பர்காள்! யூபிலி விழாவில் நாம் கூடி மகிழும்போது வாராதோர் பெயரையும் எண்ணிப் பார்ப்போம். அவருள் எவரேனும் எழ இயலாது கிடத்தல் கூடும். ஏன் வரவில்லை என்று கேட்பதை விடுத்து, நாம் அவர் வாயிலுக்குச் செல்வோம். சென்றாலும் நெடுநேரம் இருந்து அவரைக் களைப்பியாது, கால் மணி நேரத்தில் விடைபெறுவோம்.