நோய்க்கு அஞ்சாத செந்நிற ரோஜா

ரோஜா வளர்ப்பது செல்வர்களின் பொழுதுபோக்கு என்று விடுதி நண்பர்கள் சிலர் எண்ணுகிறார்கள். மருந்தடிக்கவே தனியாக ஓர் ஆள் வேண்டுமாம். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. தில்லியில் நாம் வாங்கும் பெரும்பூ வகைகளைக் கரும்புள்ளி நோய் பற்றினால், மழைக்காலம் முடிவதற்குள் இலையெல்லாம் உதிர்ந்து குச்சிதான் நிற்கும். மறு பாதியைச் சொல்லவே எழுதுகிறேன்.

கரும்புள்ளியை உண்டாக்குவது ஒரு பூஞ்சை. அதன் வித்து இலைக்குள் புக, இலை ஏறத்தாழ 7 மணி நேரம் ஈரமாகவே இருக்கவேண்டும். ஆகவே மாலையில் செடியின் தலையில் நீர் ஊற்றுகிறவர் நோய்க்கு விருந்து வைக்கிறார். காலையில், வேரடியில் ஊற்றுங்கள், பெருந்தொல்லை குறையும்.

அமெரிக்காவில், மில்வாக்கி நகரத்து வில்லியம் ராட்லர் வேறு வழியில் போனார். நோயுற்ற இலைகளைத் திரட்டி, உலர்த்திப் பொடியாக்கி, தம் நாற்றுகளின்மேல் தாமே தூவினார். இலை நனைய நீரும் தெளித்தார். மடிவன மடியட்டும், தப்புவன போதும் என்பது அவர் கணக்கு. அந்தக் கல்நெஞ்சம் எனக்குப் பிடிக்கிறது! அப்படித் தேறியதே 2000-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த 'நாக் அவுட்' ரோஜா. மூன்று நான்கு அடி உயரப் புதர். செர்ரிப் பழச் சிவப்பு. வாடிய பூவைக் கிள்ளவேண்டியதில்லை. இதழ்கள் தாமே உதிரும். குறையும் உண்டு: மணம் மிகச் சொற்பம்.

இவ்வகைப் புதர் ரோஜா கிடைத்தால், நாளுக்கு 6 மணி நேரமாவது வெயில் படும் இடத்தில், செடிக்குச் செடி 3 அடி விட்டு நடுங்கள். நெருக்கி நட்டால் இலை காயாது. தில்லியில் கவாத்துக்கு அக்டோபர் நடுப்பகுதியே ஏற்றது, டிசம்பரில் பூக்கும்.

கரும்புள்ளியை வென்ற செடி எல்லா நோயையும் வென்றதாகாது. 'ரோஸ் ரொசெட்' என்னும் நோய் அமெரிக்காவில் இந்த ரோஜாவையே வீழ்த்துகிறது. காற்றில் மிதந்துவரும், கண்ணுக்குத் தெரியாத நுண்சிலந்தி அதைப் பரப்புகிறது. அதற்குக் காரணமான வைரஸ் 2011-இல்தான் கண்டறியப்பட்டது. நோய்ப்பட்ட கிளை, முள் மலிந்து, துடைப்பம்போல் கொத்தாகச் சிவந்து நிற்கும். மருந்தில்லை, வேரோடு பிடுங்கவேண்டும். ஒரே ரோஜாவைத் தெருத்தெருவாக நட்டுவைத்தது அந்த நுண்சிலந்திக்கு வசதியாகப் போயிற்று.

நம் சங்கத்தார் விடுதி முகப்பில் ஒரு பாத்தி முழுதும் சிவப்பு ரோஜாவே வைக்கலாம் என்கிறார்கள். நான் அதற்கு இசையவில்லை. ஆறு ரோஜா போதும். இடையிடையே செண்டுப்பூ இருக்கட்டும்.