சர்வருக்கு எந்த எஸ்.எஸ்.டி.? – மாணவர்களோடு போட்ட ஒரு கணக்கு

உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்தபின் ‘சர்வர்’ என்ற சொல் நம் பள்ளிகளில் அன்றாடப் பேச்சாகிவிட்டது. அந்த ஆய்வகச் சர்வரைத் துறையே வழங்குகிறது. அதன் பாகங்களை நாம் மாற்றுவதில்லை. ஆனால் முன்னாள் மாணவர்களோ நன்கொடையாளர்களோ கணினி அறிவியல் பிரிவுக்கெனத் தனியாக ஒரு சர்வர் வாங்கித் தர முன்வரும்போது, “எந்த எஸ்.எஸ்.டி. போடலாம், சார்?” என்ற கேள்வி நம்மிடம்தான் வருகிறது.

குன்னம் வட்டாரத்தில் நான் பணியாற்றும் பள்ளிக்கும் அக்கேள்வி வந்தது. கைக்கு வந்த விலைப்புள்ளிகள் இரண்டு. ஒன்று கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்.எஸ்.டி.; மற்றொன்று சர்வருக்கென்றே செய்யப்பட்டது. கொள்ளளவு ஏறக்குறைய ஒன்று; விலையில் பெரிய வேறுபாடு. “ரெண்டும் ஒரே அளவுதானே சார், அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்?” என்றாள் ஒரு மாணவி. பதினோராம் வகுப்பில் இரண்டாம் நிலை சேமிப்பகம் நடத்த வேண்டிய வாரம் அது. எனவே அந்தக் கேள்வியையே பாடமாக எடுத்துக்கொண்டோம்.

கரும்பலகை உதாரணம்

எஸ்.எஸ்.டி.க்குள் இருப்பது நான்ட் வகை ஃபிளாஷ் நினைவகம். தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா குழுவினர் இதை 1987-இல் அறிமுகப்படுத்தினர். நுண்ணிய அறைகளில் மின்னணுக்களை அடைத்துவைப்பதன் மூலம் தகவல் பதிகிறது. இதில் ஒரு விசித்திரம் உண்டு: எழுதிய இடத்தின் மேலேயே மறுபடி எழுத முடியாது, அழித்த பிறகே எழுதலாம். அழிக்கும்போதும் ஒரு வரியை மட்டும் அழிக்க இயலாது. பெரிய தொகுதி முழுவதையும் அழிக்க வேண்டும்.

வகுப்பில் இதை இப்படி விளக்கினேன். ஒரு கரும்பலகையில் ஒரு சொல்லை மட்டும் அழிக்கக் கூடாது. பலகை முழுவதையும்தான் துடைக்கலாம் என்பது விதி. அப்படியென்றால், தேவையானதை வேறு பலகையில் எழுதிக்கொண்டுதான் இதைத் துடைக்க வேண்டும். எது எந்தப் பலகைக்கு மாறியது என்று ஒரு குறிப்பேடும் வேண்டும். ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் பலகை சற்றுத் தேய்கிறது. தேய்மானம், குறிப்பேடு இரண்டையும் நினைவில் வைத்தால் மீதிப் பாடம் எளிது.

தேய்மானக் கணக்கு

ஓர் எஸ்.எஸ்.டி.யில் மொத்தம் எவ்வளவு எழுதலாம் என்பதைத் தயாரிப்பாளர் விவரத்தாளில் டெராபைட்டில் தருவார். சர்வர் வகைகளில், உத்தரவாதக் காலம் முழுவதும் நாள்தோறும் எத்தனை முறை முழுக் கொள்ளளவையும் எழுதலாம் என்று குறிப்பிட்டு, அதை டி.டபிள்யூ.பி.டி. என்பார்கள்.

நம் தேவையைக் கூடுதலாகவே வைத்துக்கொள்வோம். 20 கணினிகள், நாளுக்கு 6 பாடவேளைகள், ஒரு பாடவேளையில் ஒரு கணினி எழுதுவது 0.5 ஜிபி என்றால், 20 × 6 × 0.5 = 60 ஜிபி. விடுமுறையே இல்லாமல் 5 ஆண்டுகளுக்கு 60 × 365 × 5 = 1,09,500 ஜிபி; அதாவது சுமார் 110 டெராபைட்.

5 ஆண்டு உத்தரவாதத்துடன் 600 டெராபைட் வரை எழுதலாம் என்று சொல்லும் 1 டெராபைட் சாதாரண எஸ்.எஸ்.டி. நாளுக்கு ஏறக்குறைய 329 ஜிபி தாங்கும். நம் தேவை அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. 960 ஜிபி சர்வர் வகையில் டி.டபிள்யூ.பி.டி. 1 என்றால் நாளுக்கு 960 ஜிபி. 3 என்றால் 2,880 ஜிபி. ஆகவே 3 என்ற எண்ணுக்காகப் பள்ளி பணம் கொடுக்கத் தேவையில்லை என்று மாணவர்களே முடிவு கட்டினார்கள்.

வேகத்திலும் அப்படித்தான். என்.வி.எம்.இ. வகை நொடிக்குப் பல ஆயிரம் மெகாபைட் படிக்கும். ஆனால் 1 ஜிகாபிட் வலையமைப்பு வழியே ஒரு நொடியில் போகக்கூடியது அதிகபட்சம் 125 மெகாபைட். சாட்டா வகையின் சுமார் 550 மெகாபைட் வேகமே நமக்கு மிச்சம். சர்வரில் எந்த வகைச் செருகி இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொண்டால் போதும்.

அப்படியானால் மலிவானதே போதுமா?

போதாது. காரணம் மின்தடை.

எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவரின் பள்ளியில், கோப்புகள் பதிவாகிக்கொண்டிருந்த நேரத்தில் மின்சாரம் நின்றது. யு.பி.எஸ். மின்கலம் பழையது. மறுபடி இயக்கியபோது சர்வர் எழவில்லை. மாணவர்கள் அவ்வாண்டு செய்துவைத்த செய்முறைக் கோப்புகள் அதில்தான் இருந்தன. வேறு நகல் இல்லை.

நடந்தது என்ன? எஸ்.எஸ்.டி. தன் ‘குறிப்பேட்டின்’ சமீபத்திய மாற்றங்களையும், எழுத வேண்டிய தகவலையும் சற்று நேரம் தற்காலிக நினைவகத்தில் வைத்திருக்கும். மின்சாரம் போனால் அது மறைந்துவிடும். ஒரே அறையில் பல பிட்டுகளைச் சேமிக்கும் வகைகளில், எழுதும் நடுவில் மின்சாரம் நின்றால் முன்பே பதிந்திருந்த தகவலும் கெடக்கூடும்.

சர்வருக்கென்று செய்யப்பட்டவற்றில் இதற்காகவே மின்தேக்கிகள் இருக்கும். மின்சாரம் நின்றதும் அவற்றில் தேங்கிய ஆற்றலைக் கொண்டு கையிலிருப்பதை எழுதி முடித்துவிட்டே எஸ்.எஸ்.டி. ஓயும். பத்தாம் வகுப்பு அறிவியல் கண்காட்சியில் மின்தேக்கி வைப்பவர்களுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இதனால் இன்னொரு பயனும் உண்டு. பாடவேளை முடிவில் எல்லா மாணவரும் ஒரே நேரத்தில் ‘சேமி’ பொத்தானை அழுத்துவார்கள். மின்தேக்கி உள்ள எஸ்.எஸ்.டி., தகவல் தற்காலிக நினைவகத்துக்கு வந்ததுமே ‘பத்திரம்’ என்று உறுதி சொல்லலாம். இல்லாதது ஃபிளாஷில் எழுதி முடித்த பிறகே சொல்ல வேண்டும். நெரிசலில் ஒன்று சீராக ஓட, மற்றது திணறுவது இதனால்தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. விவரத்தாளில் மின்னிழப்புப் பாதுகாப்பு என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். கடைக்காரரின் வாய்ச்சொல் போதாது.
2. டி.டபிள்யூ.பி.டி. 1 அல்லது அதற்குச் சற்றுக் குறைவு நமக்குத் தாராளம்.
3. பெரிய எஸ்.எஸ்.டி. ஒன்றைவிட, சிறியவை இரண்டை வாங்கி, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும்படி அமைப்பது நல்லது. ஒன்று பழுதானாலும் பாடம் நிற்காது.
4. இந்த இரட்டை அமைப்பு காப்புநகல் ஆகாது. தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும். வாரம் ஒருமுறை வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து வேறு அறையில் வைக்க வேண்டும்.
5. கழற்றிய சர்வர் எஸ்.எஸ்.டி.யைப் பீரோவில் பூட்டிவைத்து ஆவணக் காப்பகமாக்கக் கூடாது. ஜெடெக் தர விதிப்படி, எழுதும் வரம்பை எட்டிய சர்வர் வகை, மின்சாரம் இல்லாமல் 40 டிகிரி செல்சியஸில் 3 மாதம் தகவலைக் காத்தால் போதும். சாதாரண வகைக்கு 30 டிகிரியில் 1 ஆண்டு. புதியது இதைவிட நெடுநாள் தாங்கும். ஆனாலும் நம் ஊர்க் கோடையில் பூட்டிய அறையை நம்ப வேண்டாம்.

இந்தக் கணக்கைத் தொடக்க வகுப்புகளிலும் செய்யலாம். “ஒரு நாளைக்கு 60 பக்கம் எழுதினால் 960 பக்க நோட்டு எத்தனை நாள் வரும்?” என்று ஐந்தாம் வகுப்பில் கேளுங்கள்; விடை 16. மேல்வகுப்பு மாணவரிடம் இரண்டு விவரத்தாள்களைக் கொடுத்து, எதை வாங்கலாம் என்று காரணத்துடன் அரைப்பக்கம் எழுதச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் எழுதியவற்றுள் தெளிவான ஒன்றையே, பள்ளியின் தேவைக் கடிதத்துடன் இணைத்து முன்னாள் மாணவர்களுக்கு அனுப்பினோம்.