மூன்றில் ஒரு பங்குதானே?

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து அதில் இருந்த ஒரு கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. 60 கிலோ எடையுள்ள ஒருவர் தினமும் 300 மில்லிகிராம் ஃபெனிட்டாயின் சாப்பிடுகிறார். வலிப்பு குறைந்திருக்கிறது, முழுதாக நிற்கவில்லை. “400 ஆக்கிவிடலாமே ஐயா, மூன்றில் ஒரு பங்குதானே கூடுகிறது?” என்று கேட்டிருந்தாய். மருந்தை எவ்வளவு கூட்டுகிறோமோ அதே விகிதத்தில் ரத்தத்திலும் அது கூடும் என்ற நம்பிக்கையில் வந்த கேள்வி இது. பெரும்பாலான மருந்துகளுக்கு அந்த நம்பிக்கை சரிதான். ஃபெனிட்டாயினுக்குச் சரியில்லை. ஆண்டுக்கணக்கில் மருந்துச்சீட்டு எழுதியவர்கள்கூட இந்த இடத்தில் சறுக்குவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வரும். அதனால் கடிதம் நீளும், பொறுத்துக்கொள்.

நரம்பணுவுக்குள் சோடியம் பாய்வதும் மின் அலை கிளம்புவதும் உனக்குப் பாடம். அங்கே தொடங்கப் போவதில்லை. சோடியம் சேனலுக்கு மூடிய நிலை, திறந்த நிலை தவிர மூன்றாவதாக ஒரு செயலற்ற நிலை உண்டு என்பதை மட்டும் நினைவில் வை. ஒருமுறை திறந்த சேனல் உடனே அந்தச் செயலற்ற நிலைக்குப் போய், சற்று நேரம் கழித்துத்தான் அடுத்த முறைக்குத் தயாராகும். ஃபெனிட்டாயின் பற்றிக்கொள்வது இந்தச் செயலற்ற நிலையைத்தான். பற்றிக்கொண்டு, சேனல் மீண்டு வரும் நேரத்தை நீட்டிவிடுகிறது. நிதானமாக மின் அலை அனுப்பும் அணுவுக்கு இதனால் பெரிய இடைஞ்சல் இல்லை. வலிப்பின்போது ஓர் அணு இடைவிடாமல் படபடவென்று அனுப்புகிறதே, அப்போதுதான் மருந்து பிடிக்கும் சேனல்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். எவ்வளவு வெறியோடு துடிக்கிறதோ அவ்வளவு அழுத்தமாகத் தடை விழும்.

‘பிட்ஸ் மாத்திரை என்றாலே தூக்க மாத்திரை, பிள்ளையின் மூளை மழுங்கிவிடும்’ என்று சொல்லி மருந்தை நிறுத்தும் பெற்றோரை நீ வார்டில் நிச்சயம் சந்திப்பாய். அவர்களிடம் நீ பொறுமையாகப் பேச வேண்டும். அந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 1857இல் சார்லஸ் லோகாக் சொல்லிப் பரவலான புரோமைடும், வலிப்புக்கு உதவும் என்று 1912இல் ஆல்ஃபிரட் ஹவுப்ட்மன் கண்டறிந்த ஃபெனோபார்பிட்டலும் வலிப்பைக் குறைத்தன, ஆளையும் மயக்கின. மயக்காமல் வலிப்பை அடக்கவே முடியாது என்றுதான் மருத்துவ உலகம் நம்பியிருந்தது. அதை உடைத்தது ஃபெனிட்டாயின்தான். 1908இல் ஜெர்மனியில் ஹைன்ரிஷ் பில்ட்ஸ் உருவாக்கிய அந்தச் சேர்மம் தூக்கம் வரவழைக்கவில்லை என்பதாலேயே பயனற்றதாகக் கிடந்தது. பாஸ்டனில் ட்ரேசி பட்னமும் ஹூஸ்டன் மெரிட்டும் பூனைகளுக்கு மின்சாரத்தால் வலிப்பை உண்டாக்கி, அதைத் தடுக்கும் சேர்மங்களை ஒவ்வொன்றாகத் தேடினார்கள். தூங்க வைக்கிறதா என்று பார்க்காமல் வலிப்பைத் தடுக்கிறதா என்று பார்த்ததுதான் அவர்கள் செய்த பெரிய காரியம். 1938இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார்கள். சரியான அளவில் கொடுத்தால் இது ஆளைத் தூங்கவைக்கும் மருந்தல்ல. அளவு மீறினால் மந்தம் வரும், தள்ளாட்டம் வரும். நாம் பேச வேண்டியதே அந்த அளவைப் பற்றித்தான்.

கல்லீரலில் இந்த மருந்தை மாற்றி வெளியேற்றும் நொதிகள் சைப் 2சி9, ஓரளவுக்கு சைப் 2சி19. சிகிச்சைக்கு வேண்டிய அளவிலேயே அவற்றின் திறன் ஏறக்குறைய நிரம்பிவிடுகிறது என்பதுதான் விஷயம். அறுவடைக் காலத்தில் உங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தை நினைத்துப் பார். ஒரு நாளைக்கு இத்தனை மூட்டைதான் எடை போட முடியும் என்று ஒரு வரம்பு இருக்கும். வரத்து அதற்குக் கீழே இருக்கும்வரை அன்றன்றைக்குக் களம் காலியாகிவிடும். வரத்து வரம்பை நெருங்கினால் களத்தில் நெல் தேங்கத் தொடங்கும். வரம்பைத் தாண்டிவிட்டால், தினம் நூறு மூட்டைதான் கூடுதலாக வருகிறது என்றாலும் குவியல் வளர்ந்துகொண்டேதான் போகும்.

இப்போது காகிதத்தை எடு. பாடநூல்கள் தரும் சராசரிப்படி, 60 கிலோ உடம்பு ஒரு நாளைக்கு அதிகபட்சமாக 420 மில்லிகிராம் ஃபெனிட்டாயினை வெளியேற்றும் என்று வைத்துக்கொள். அந்தத் திறனில் பாதி வேலை நடக்கும் ரத்த அளவு, மில்லிலிட்டருக்கு 4 மைக்ரோகிராம். தினசரி மருந்தை 4ஆல் பெருக்கு. 420இலிருந்து தினசரி மருந்தைக் கழித்து, வரும் எண்ணால் வகு. நிலைத்து நிற்கும் ரத்த அளவு கிடைக்கும். 300 மில்லிகிராமுக்கு 1200ஐ 120ஆல் வகுத்தால் 10. நாம் வேண்டுவது 10 முதல் 20வரை, ஆக இவர் கீழ்ப்படியில் நிற்கிறார். 350 கொடுத்தால் 1400ஐ 70ஆல் வகுக்க வேண்டும், 20 வருகிறது. மருந்து ஆறில் ஒரு பங்கு கூடியது, ரத்த அளவு இரட்டித்தது. நீ சொன்ன 400ஐப் போட்டால் 1600ஐ 20ஆல் வகுக்க வேண்டும். எண்பது! மேல் எல்லையைப் போல நான்கு மடங்கு.

அந்த எண்பதை எட்ட வாரக்கணக்கில், ஏன், மாதக்கணக்கில்கூட ஆகும். அதற்கு முன்பே நோயாளி படுத்துவிடுவார். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. மருந்தைக் கூட்டிய மூன்றாம் நாள் அவர் நன்றாக நடந்து வருவார், நீயும் திருப்தியாக வீட்டுக்கு அனுப்பிவிடுவாய். குறைந்த அளவில் ஏறக்குறைய ஒரு நாளாக இருக்கும் இதன் அரை ஆயுள், அளவு ஏற ஏற நீண்டுகொண்டே போகும். அதனால் மூன்றாம் நாள் எடுத்த ரத்த அறிக்கையை வைத்து எந்த முடிவுக்கும் வராதே.

ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு நெசவாளரின் முகம் நினைவுக்கு வருகிறது. வலிப்பு வந்து ஆறு மாதமாகிவிட்டது என்று மகிழ்ச்சியாகச் சொன்ன மனைவி, “ஆனா சாயங்காலமானா தள்ளாடுறாரு, குடிக்க ஆரம்பிச்சுட்டாருன்னு தெருவே பேசுதுங்க” என்று அழுதார். என் விரலைக் கண்ணால் தொடரச் சொன்னேன். விரல் பக்கவாட்டில் போனதும் இரண்டு விழிகளும் விட்டு விட்டு வெட்டித் துடித்தன. குதிகாலும் கட்டைவிரலும் ஒட்டும்படி ஒரே கோட்டில் நடக்கச் சொன்னால் இரண்டாவது அடியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டார். ஈறு தடித்துப் பற்களின் மேல் ஏறியிருந்தது. எங்கேயோ ஒரு மருந்துச்சீட்டில் யாரோ ஒரு நூறு கூட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். பொதுவாக 20ஐத் தாண்டினால் விழித்துடிப்பு, 30ஐத் தாண்டினால் தள்ளாட்டம், 40ஐத் தாண்டினால் குழப்பமும் சோர்வும் என்று படிப்பாய். ஆய்வகம் இல்லாத ஊரிலும் உன் விரல் இருக்கிறது. ஃபெனிட்டாயின் சாப்பிடும் ஒருவரின் விழியைப் பார்க்காமல் அடுத்த நோயாளியைக் கூப்பிடாதே.

இதில் எனக்கு மிகப் பிடித்த சான்று ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்துடையது. மாணவர்களுக்கு இதை ஒவ்வோர் ஆண்டும் சொல்லிவந்தேன், உன் வகுப்புக்கு மட்டும் நேரம் கிடைக்காமல் போய்விட்டது. 1968, 69இல் அங்கே வலிப்பு நோயாளிகள் ஒருவர் பின் ஒருவராகத் தள்ளாட்டத்தோடும் மயக்கத்தோடும் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். யாரும் மருந்தைக் கூட்டவில்லை. மருத்துவர் எழுதியதும் மாறவில்லை, மாத்திரைக் குப்பியில் இருந்த 100 மில்லிகிராமும் மாறவில்லை. டயரரும் ஈடியும் அவர்களோடு சேர்ந்தவர்களும் துருவித் தேடியதில், மாறியது மருந்தோடு கலக்கும் வெறும் நிரப்புப்பொருள் என்று தெரிந்தது. கால்சியம் சல்ஃபேட்டுக்குப் பதில் லாக்டோஸ் சேர்த்திருந்தார்கள். முன்பு கால்சியம் மருந்தில் ஒரு பகுதியைக் குடலில் உறிஞ்ச விடாமல் பிடித்து வைத்திருந்தது. லாக்டோஸ் அப்படிப் பிடிக்கவில்லை. முன்பைவிடச் சற்றுக் கூடுதலாக ரத்தத்துக்குப் போனது. வேறு மருந்தாக இருந்திருந்தால் யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள். நொதியின் வரம்பை ஒட்டியே வேலை செய்யும் இந்த மருந்து என்பதால், அந்தச் சிறு கூடுதல் ஒரு நகரத்தின் நோயாளிகளை வீழ்த்தியது. 1970இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அந்தக் கட்டுரை வெளிவந்தது. உன் கல்லூரி நூலகத்தில் தேடிப் படி.

ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று கடைக்காரர் கம்பெனியை மாற்றிக் கொடுக்கும்போது, “எல்லாம் ஒன்றுதானே” என்று தலையாட்டும் மருத்துவர்களிடம் எனக்குச் சமாதானம் இல்லை. விலை குறைந்த மருந்தைக் குறை சொல்லவில்லை, அது ஏழைகளின் உயிர்காக்கும் மருந்து. ஒரே தயாரிப்பில் நிலையாக இருக்கட்டும், மாற்றினால் உனக்குத் தெரியட்டும் என்கிறேன்.

நம் ஊரில் இதே விபத்து வேறொரு வழியாகவும் வரும். காசநோய்க்கு ஐசோனியசிட் தொடங்கினால் அது ஃபெனிட்டாயினை வெளியேற்றும் நொதியைத் தடுக்கும். ஐசோனியசிட்டை மெதுவாக அசிட்டைல் ஏற்றும் உடல்வாகு உள்ளவர்களுக்கு விளைவு கடுமையாக இருக்கும். மூளையில் காசநோய்க் கட்டியோடு வலிப்பு வரும் நோயாளிக்கு இந்த இரண்டையும் சேர்த்துத்தான் எழுதுவோம் என்பதை யோசித்துப் பார். கூடவே கொடுக்கும் ரிஃபாம்பிசின் எதிர்ப்பக்கம் இழுக்கும். எது வெல்லும் என்பதை ரத்த அளவும் விழியும்தான் சொல்லும். ஃப்ளுகோனசோலும் அளவை ஏற்றும். ஃபெனிட்டாயின் தானும் சும்மா இருப்பதில்லை, கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். கருவைப் பாதிக்கும் மருந்து இது என்பதால் இளம் பெண்ணுக்கு எழுதும்போது அந்தப் பேச்சைத் தவிர்க்காதே.

அறிக்கையில் இருக்கும் எண்ணையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். ரத்தத்தில் உள்ள ஃபெனிட்டாயினில் சுமார் 90 சதவீதம் ஆல்புமினில் ஒட்டியிருக்கும், மீதிதான் மூளைக்குப் போய் வேலை செய்யும். ஆல்புமின் 2 கிராமாகக் குறைந்த ஒருவருக்கு அறிக்கை 8 என்று வந்தால், ஆல்புமினை 0.2ஆல் பெருக்கி 0.1 கூட்டி, அந்த 0.5ஆல் எட்டை வகுத்துப் பார். 16! போதவில்லை என்று நினைத்து மருந்தைக் கூட்டியிருந்தால் அவரைப் பாழாக்கியிருப்பாய்.

ஊசியைப் பற்றிச் சுருக்கமாக. நிற்காத வலிப்புக்கு லோராசிபாம் போன்றவை கேட்காதபோது கிலோவுக்கு 20 மில்லிகிராம்வரை கொடுப்போம். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் கண்காணிப்பில் இருக்க வேண்டும். மருந்து கடுமையான காரத்தன்மை கொண்டது. டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலில் கலந்தால் தெளிந்த நீர் கலங்கி வெள்ளைத் துகளாகப் பிரியும். அதை ஒருமுறை வீணான பாட்டிலில் செய்து உன் கண்ணாலேயே பார்த்துக்கொள், பிறகு வாழ்நாளில் மறக்க மாட்டாய். சலைன் மட்டும்தான். இந்த இடத்தில் லெவெடிராசிட்டாமும் வால்ப்ரோயேட்டும் இதன் முன்மருந்தான ஃபாஸ்ஃபெனிட்டாயினுக்கு இணையானவைதான் என்று 2019இல் வெளியான ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. மூன்றும் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கே வலிப்பை நிறுத்தின. ஆகவே ஃபெனிட்டாயின் மட்டுமே கதி என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே.

அப்படி எடுத்துக்கொண்ட ஒருவரின் புத்தகத்தை ஒரு கோடை விடுமுறையில் படித்தேன். ஜாக் ட்ரைஃபஸ் என்ற அமெரிக்க முதலீட்டாளர். தன் மனச்சோர்வு ஃபெனிட்டாயினால் நீங்கியதாக நம்பி, எண்ணற்ற நோய்களுக்கு இதுவே மருந்து என்று 1981இல் நூலே எழுதி, அதற்காகப் பெரும் பணத்தைச் செலவழித்தார். அவருடைய உள்ளன்பை மதிக்கிறேன். ஆனால் ஒருவருடைய அனுபவம் எத்தனை உருக்கமாக இருந்தாலும் அது சான்றாகாது. வலிப்பிலேயே எல்லா வகைக்கும் இது ஆகாது. பள்ளிக்கூடத்தில் சில விநாடி வெறித்துப் பார்த்து நின்றுவிடும் குழந்தையின் ஆப்சென்ஸ் வகை வலிப்பு இதனால் மோசமாகவும் கூடும்.

இனி உன் நோயாளி. முதலில் அவர் மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறாரா என்று அவருடைய மனைவியிடமோ அம்மாவிடமோ கேள். பாதி வழக்குகள் அங்கேயே தீர்ந்துவிடும். திடீரென்று நிறுத்துவது அளவு மீறுவதைவிடக் கொடியது, அதையும் சொல். பிறகு அடுத்த வேளை மருந்துக்கு முன்னால் ரத்தம் எடு. அளவு 7க்குக் கீழே இருந்தால் நீ சொன்ன 100 மில்லிகிராமையே கூட்டலாம், தப்பில்லை. 7க்கும் 12க்கும் இடையே இருந்தால் 50 போதும். 12ஐத் தாண்டியிருந்தால் 30க்கு மேல் போகாதே. கூட்டிய பிறகு இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடு, வரும் ஒவ்வொரு முறையும் விழியைப் பார், ஒரே கோட்டில் நடக்க வைத்துப் பார்.

அவருடைய ரத்த அளவும் ஆல்புமினும் உன் கடிதத்தில் இல்லை. வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பதும் இல்லை. இந்த மூன்றையும் எழுதி அனுப்பு, அதுவரை 300ஐத் தொடாதே.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்